பதக்கத்துக்கு முந்திய வேலை

பவானி தேவி முதன்முதலாக வெளிநாட்டில் வாள் ஏந்தப் போனபோது அவருக்கு வயது 14. துருக்கியில் நடந்த போட்டி அது. களத்துக்கு வந்துசேர மூன்று நிமிடம் தாமதமாகிவிட்டது. நடுவர் கறுப்பு அட்டையை எடுத்துக் காட்டினார். வாள்வீச்சில் கறுப்பு அட்டை என்றால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். பழைய வண்ணாரப்பேட்டையில் கோயில் அர்ச்சகர் ஒருவரின் மகளாகப் பிறந்து, 2004-ல் பள்ளியில் வாள்வீச்சு கற்கத் தொடங்கி, வாள் வாங்கக் கட்டுப்படியாகாத நாட்களில் மூங்கில் குச்சியை வைத்துப் பழகி, அவ்வளவு தூரம் போன பெண். விதிப் புத்தகம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

பின்னாளில் அவர் ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை ஆனார். 2023-ல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. மூங்கில் குச்சிக் கதையைப் பள்ளி ஆண்டு விழா மேடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம் பயன்படக்கூடியது அந்த மூன்று நிமிடக் கதை. பள்ளி வயதில் ஒரு விளையாட்டு வீரர் தன் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் மிகச் சில. உயரம் அவர் கையில் இல்லை. எதிரே யார் நிற்பார் என்பதும், எந்த வயதில் உடல் வளரும் என்பதும் அவர் கையில் இல்லை. நேரத்துக்குப் போய் நிற்பது மட்டும் அவர் கையில்தான் இருக்கிறது.

மைதானத்தில் இதற்கு நேர்மாறான பேச்சைத்தான் அதிகம் கேட்கலாம். ‘வெறி இருக்கணும்டா’ என்பார்கள். காய்ச்சலோடு ஓடியவனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுப்பார்கள். தோற்றதும் தரையில் விழுந்து அழுகிற பெண்ணைக் காட்டி, ‘இவளுக்குத்தான் ஆட்டத்து மேல பாசம்’ என்பார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள் என்பதால் பெரியவர்களுக்குப் பிடிக்கின்றன. உண்மையான உழைப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வார்ம்-அப்பை அரைகுறையாக விடாமல் முடிப்பது, ஓடி முடித்த பிறகும் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடலை ஆற்றுவது, நேற்று எங்கே கால் தப்பியது என்பதை நோட்டில் எழுதி வைப்பது, முழங்கால் வலியை மறைக்காமல் சாரிடம் சொல்வது ஆகியவற்றுக்கு யாரும் கைதட்டுவதில்லை. வெறியால் ஒரு நாள் ஓட முடியும், ஒரு பருவம் முழுக்கத் தாங்க முடியாது.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எந்த நிலைமையில் விளையாடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிகள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். பாரதியார் தினப் போட்டிகள், குடியரசு தினப் போட்டிகள், அண்மைக் காலமாக முதலமைச்சர் கோப்பை. தடகளத்தில் பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தின் முடிவு, குறுவட்டப் போட்டியில் ஒரே ஒரு ஹீட்டில் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வராதவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். பள்ளியிலோ உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்புவதே இல்லை. இந்த நிலையில் பதக்கம் வந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் உழைப்பை எடைபோடுவது அநியாயம்.

அநியாயம் என்பதோடு, அது தவறான கணக்கும்கூட. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆனால் சராசரிக்கு ஓரிரு ஆண்டு முன்னும் பின்னும் இது நடப்பது முழுக்க இயல்பு. ஆகவே 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு சிறுவர்களில் ஒருவன் உடலளவில் இளைஞனாகவும் இன்னொருவன் குழந்தையாகவும் இருக்கலாம். குண்டு எறிதலிலும் நூறு மீட்டரிலும் முதலாமவன் ஜெயிப்பான். அவன் ஜெயித்தது பெரும்பாலும் வளர்ச்சியால். இதோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. வயதைக் கணக்கிட ஒரு குறிப்பிட்ட தேதியை வைக்கும்போது, அந்த எல்லைத் தேதிக்குச் சற்றுப் பின் பிறந்த பிள்ளைக்கு, அடுத்த எல்லைக்குச் சற்று முன் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருட அனுகூலம் கிடைக்கிறது. கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1980-களின் நடுவிலேயே ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். பிறகு கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதே சாய்வு தெரிந்தது.

மைக்கேல் ஜோர்டனின் பள்ளிக் கதையை இந்த இடத்தில் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். 1978-ல் வட கரோலினாவின் வில்மிங்டனில், லேனி உயர்நிலைப் பள்ளியின் முதன்மைக் கூடைப்பந்து அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் இளையோர் அணியில் ஆடினார். பிறகு கடுமையாக உழைத்து உலக வீரர் ஆனார் என்று முடிப்பார்கள். உழைத்தது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் உயரம் ஏறக்குறைய 5 அடி 10 அங்குலம். அவருக்குப் பதிலாக இடம் பெற்ற நண்பர் அவரைவிட மிக உயரமானவர். அடுத்த ஓராண்டுக்குள் ஜோர்டனும் சில அங்குலம் வளர்ந்தார். உடல் வளர்ந்து வரும்வரை கை சும்மா இருக்கவில்லை, பந்தைப் பழகிக்கொண்டே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய பகுதி. தாமதமாக வளரும் பிள்ளைக்கு நாம் சொல்லவேண்டியது இதைத்தான். சீக்கிரம் வளர்ந்து 14 வயதில் மாநிலத்தில் ஜெயித்துவிட்ட பிள்ளைக்குச் சொல்லவேண்டியது இன்னும் கடினம். மற்றவர்கள் வளர்ந்து வந்து அவனைத் தொடப்போகிறார்கள். அன்று அவனிடம் உத்தி, தாளம், தொடக்கம் எல்லாம் இருக்கவேண்டும். ஜெயித்துக்கொண்டே இருந்ததால் எதையும் கற்காமல் போன பிள்ளைகள் 17 வயதுப் பிரிவில் காணாமல்போவதை எந்த உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

பதக்கமே அளவுகோல் ஆகும்போது இன்னொரு கேடும் வருகிறது. ‘ஓவர் ஏஜ்’ என்ற சொல்லை அறியாத மைதானம் இங்கே இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஓரிரு வருடத்தைக் குறைத்து, 16 வயதுப் பையனை 14 வயதுக்காரர்களோடு ஓடவிடுவது. இந்திய விளையாட்டில் இது பழைய நோய். இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடும் சோதனையைக் கிரிக்கெட் வாரியம் கொண்டுவந்ததற்குக் காரணமே இதுதான். இதைப் பிள்ளை தானாகச் செய்வதில்லை. ஒரு பெரியவர் செய்துவைக்கிறார். அந்தப் பையனுக்குக் கிடைக்கும் முதல் பாடம், உன் உழைப்பு போதாது என்பது. இரண்டாவது, தன்னைவிடச் சிறியவனின் இடத்தைப் பறித்துக்கொண்டு மேடையில் சிரிக்கலாம் என்பது. மனப்பான்மை பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்தப் பாடத்தை அழிக்க முடியாது.

பாராட்டுக்கும் பொய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அடுத்து எல்லோருக்கும் கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். முகம் தெரியாத இன்னொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, கெட்டிக்காரர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் அதை உயர்த்தி எழுதினார்கள். இது விளையாட்டைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் ‘இவன் பிறவியிலேயே ஓட்டக்காரன்’ என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்டு வளரும் சிறுவனை இதில் பார்க்க முடிகிறது. தோற்றால் அவன் பந்தயத்தோடு தன் பெயரையும் இழக்கிறான். அதனால் தோற்கக்கூடிய இடத்துக்கே போகாமல் தப்பிக்கப் பார்ப்பான். காலில் வலி என்பான், தடம் சரியில்லை என்பான்.

உழைப்பை எங்கே கொட்டுவது என்பதும் ஒரு கல்வி. இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 2016 ரியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம். ஜப்பான் அணியின் நான்கு பேரில் ஒருவர்கூட அதுவரை நூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடியவர் அல்ல. 37.60 விநாடியில் ஓடி, உசைன் போல்ட்டின் ஜமைக்கா அணிக்கு அடுத்ததாக வந்து வெள்ளி வென்றார்கள். எல்லாம் பேட்டன் மாற்றும் கலை. கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறையை அவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தார்கள். வாங்குபவர் வேகத்தைக் குறைக்கவே தேவையில்லாதபடி கை, அடி, இடைவெளி எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தார்கள். அதே பந்தயத்தில் அமெரிக்க அணி முதல் பேட்டன் மாற்றத்தில் விதியை மீறியதற்காகத் தகுதி இழந்தது.

நம் பள்ளிகளில் தொடர் ஓட்ட அணி எப்படி உருவாகிறது? நூறு மீட்டரில் முதல் நான்கு இடம் வந்தவர்களைக் கூப்பிட்டு, போட்டிக்கு முந்தின நாள் மாலை பேட்டனைக் கையில் கொடுப்பார்கள். மறுநாள் பேட்டன் கீழே விழும். பிறகு விட்டவனைத் திட்டுவார்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம், மூன்று மாதம் அந்தக் கைமாற்றத்தை மட்டும் பழகிய சுமாரான அணி, வேகமான அணியைத் தோற்கடிக்கும். பேட்டனுக்குப் பதில் ஒரு மரத்துண்டு போதும், சிந்தெடிக் டிராக்கும் தேவையில்லை. இன்னொன்றும் நடக்கும். தன் நேரத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, வாங்குபவனின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்குவான்.

உழைப்பை எங்கே கொட்டுவது என்பதற்கு, பாரா உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவின் பள்ளிக்காலம் வேறொரு சாட்சி. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்றும் கூலி வேலை பார்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அம்மா. பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், குறையில்லாத கால் கொண்ட பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் வந்தார். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 மீட்டரில் வெள்ளி, பாரிஸில் 1.85 மீட்டரில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் என்பது ஒரு நாள் ஆவேசத்தில் வருவதில்லை. அந்த ஆசிரியர் இந்தப் பையனிடம் இல்லாததை எண்ணிக்கொண்டிருக்காமல், இருந்த தாண்டும் திறனைக் கண்டார். பள்ளி அளவில் பயிற்சி என்பதில் பாதி வேலை இப்படிப் பார்ப்பதுதான்.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும்? 800 மீட்டரில் இரண்டாவது சுற்றில் எப்போதும் பின்தங்கிவிடும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். ‘சோம்பேறி, மனசு வைக்க மாட்டேங்கறா’ என்று சொல்லிவிடுவது எளிது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காதபோது மனம் எவ்வளவு வைத்தாலும் கால் வராது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று எத்தனை பேர் தூக்கி எறிகிறார்கள் என்று பி.இ.டி. டீச்சர் கேட்கலாம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லலாம், டீ காபியோடு சேர்க்கவேண்டாம் எனலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவரச் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் உழைப்பைப் பற்றிப் பேசும் உரிமை வரும். பயிற்சி கூடி, சாப்பாடு கூடாமல், மாதவிடாய் நின்றுபோன பெண்ணை ‘நல்ல ஃபிட்னஸ்’ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உடல் பட்டினி கிடக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. எலும்பில் கீறல் விழுவதற்கு முந்தைய அறிவிப்பு. அந்தப் பெண்ணுக்கு அப்போது தேவை மருத்துவரும் நல்ல சாப்பாடும்.

தூக்கமும் அப்படித்தான். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மாலை டியூஷன் ஒன்பது மணிக்கு முடிந்து, வீட்டுப்பாடம் பதினொன்றுக்கு முடிந்து, விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதில் எவ்வளவு மிஞ்சும்? வளரும் வயதில் வாரத்துக்கு ஒரு நாளாவது பயிற்சியே இல்லாமல் இருக்க வேண்டும், ஒரே விளையாட்டை வருடம் முழுக்க இடைவெளியின்றி ஆடக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் அறிவுறுத்துகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்கள் நம் மைதானங்களில் ஏராளம். வளரும் எலும்பின் மேல் தசைநாண் விடாமல் இழுப்பதால் வருவது அது. ‘வலியைத் தாங்கு’ என்று சொல்லி அதை ஆற்ற முடியாது. ஓய்வு எடுப்பதும் உழைப்பில் சேரும் என்று பிள்ளைக்குப் புரியவைக்க, அதைச் சொல்லும் பெரியவர் அதை நம்பவேண்டும்.

தோல்வியை எடுத்துக்கொள்ளும் விதமும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி முதல் சுற்றில் துனீசியாவின் நாதியா பென் அஸீஸியை 15–3 என்று வென்றார். அடுத்த சுற்றில், உலகத் தரவரிசையில் மூன்றாவதாக இருந்த பிரான்ஸின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். அன்று மாலை நாட்டு மக்களிடம் ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்கு ஒரு விளையாட்டின் கதவையே திறந்த பெண் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அந்தக் குற்ற உணர்ச்சியை நாம் எங்கிருந்து ஊட்டத் தொடங்குகிறோம் என்று யோசித்தால், குறுவட்டப் போட்டி முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் வாசலிலேயே கேட்கும் ‘ஜெயிச்சியா?’ என்ற கேள்வியில் போய் நிற்கிறது. சாப்பிட உட்காரவைத்து, போன முறையைவிட இந்த முறை என்ன சரியாக வந்தது என்று கேட்டால், பிள்ளையே தன் பந்தயத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். தோற்றவர்களை வரிசையில் நிற்கவைத்து அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அடியால் அடுத்த பந்தயத்தில் கால் இறுகும், வேறெதுவும் நடக்காது.

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்துவது நம் வீடுகளில் சட்டம் போல் ஆகிவிட்டது. பெண் பிள்ளைகள் என்றால் அதற்கும் முன்பே. அப்படி நின்றுவிடாமல் ஓடியவர் மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அவரையும் தங்கையையும் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பள்ளிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டியில் வெறுங்காலில் ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டிக்கு முதலில் மனமில்லை. கண்ணன் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். பெண்ணை ஓடவிட்டதற்காக ஊரார் பேசிய பேச்சைப் பாட்டி தாங்கிக்கொண்டார். 2021-ல் பாட்டியாலாவில் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ரேவதி இடம் பெற்றார். அதே அணியில் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் இருந்தார்கள். நான்கு பேரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

ரேவதியின் உழைப்பைச் சொல்லும்போது கண்ணனின் உழைப்பையும் பாட்டியின் உழைப்பையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் அமைவதில்லை. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. குறுவட்டப் போட்டிகளில் பெரும்பாலும் முதல் மூன்று பேரின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். நான்காவதாகவும் எட்டாவதாகவும் வந்தவர்கள் எத்தனை விநாடியில் ஓடினார்கள், எவ்வளவு தூரம் தாண்டினார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை. இப்போது எல்லா ஆசிரியர் கையிலும் செல்போன் இருக்கிறது, அதில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேரும் நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆண்டுக்கு மூன்று முறை ஓட்டமும் தாண்டலும் உயரமும் குறித்துவைத்தால், ஒன்பதாம் வகுப்பில் யார் தன்னையே முந்திக்கொண்டு வருகிறார் என்பது அந்த நோட்டிலேயே தெரியும். ஒரு ஹீட்டில் ஏழாவதாக வந்த பிள்ளையும் அதில் தன் பக்கத்தைத் திறந்து, போன ஜூலையைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டும், கணக்கு ஆசிரியர் திருப்பித் தரவேண்டிய பாடவேளைகளில் ஒன்றும் போதும்.